நோவுக்கு ஓர் இலக்கணம்

“அம்மா, தங்களுக்கு எவ்விடத்தில் வலிக்கின்றது?”

டாக்டர் சலோமி அந்தச் சின்ன அறையில் இப்படித்தான் கேட்டார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு படக்கென்று எழுந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள். ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

வெளியே வரிசையில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். “இன்னாடி இது, சாமிகிட்ட பேசற மாதிரி பேசறாங்க?”

அவ்வளவுதான். வரிசை முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. சின்னப்பொண்ணுக்கு முகம் செத்துப்போய்விட்டது. “தலநோவுங்க” என்று முனகிவிட்டு, மாத்திரையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன். ஏனென்றால் அந்த வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் சாட்சாத் நான்தான். வேற்றுமை உருபு பிசகவில்லை, ஒற்றுப்பிழை இல்லை. என் மாணவர்கள் யாராவது விடைத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

தலையைத் தவிர

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஜவ்வாது மலையில் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. பிறந்து வளர்ந்தது கீழே கலசப்பாக்கத்தில். மலையில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் நான் ‘தமிழம்மா’. கோபக்காரி என்று ஒரு பெயரும் உண்டு. அதை மறுத்துப் பேசினால் அதற்கும் கோபம்தான் வரும்.

எங்கள் பள்ளிக்கு எதிர்ச் சரிவில் ஒரு கிளினிக். அடிவாரத்தில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரி நடத்துவது. டாக்டர்கள் வருவார்கள், குளிர் தாங்கவில்லை, டவர் கிடைக்கவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சலோமி மட்டும் இறங்கவில்லை. அவர் ஜார்க்கண்டில் சந்தாலி மொழி பேசும் ஒரு பழங்குடிக் குடும்பத்துப் பெண். அவர் ஊரும் காடும் மேடும்தானாம். சாமைச் சோறு போட்டால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஒரே குறை, தமிழ் தெரியாது.

அதற்கு கம்பவுண்டர் முருகேசன் இருந்தார். உள்ளூர்க்காரர், தங்கமான மனுஷன், டாக்டரோடு பேசும் அளவுக்கு ஆங்கிலமும் வரும். நோயாளி சொல்வதை அவர் டாக்டருக்குச் சொல்வார். டாக்டர் சொல்வதை நோயாளிக்குச் சொல்வார்.

என் ரத்த அழுத்தத்தைப் பார்க்கப் போன ஒரு சாயங்காலம், டாக்டர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். “டீச்சர், ஒன்று கேட்கட்டுமா? இந்த மலையில் பெண்களுக்குத் தலையைத் தவிர வேறு உறுப்பே கிடையாதா?”

காலையிலிருந்து வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தலைவலியாம். நேற்றும் அப்படித்தானாம். போன மாதமும் அப்படித்தானாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விஷயம் இதுதான். மலையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. முருகேசன் பாதிப் பெண்களுக்குக் கொழுந்தன், மீதிப் பேருக்கு அண்ணன், சிலருக்கு மாமனார் முறைகூட. கொழுந்தனிடம் கேலி பேசலாம். ஆனால் உடம்புக்கு வந்ததைச் சொல்லக்கூடாது. மாமனார் முறையென்றால் எதிரே உட்காரவே மாட்டார்கள். அவரை நிற்கவைத்துக்கொண்டு எந்தப் பெண் என்ன சொல்வாள்? முருகேசன் காதில் விழலாம் என்று அவர்கள் நினைத்தது தலை ஒன்றைத்தான்.

“பெண் ஒருத்தி மொழிபெயர்த்தால்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். இருந்த நர்ஸ் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டார். அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. நானே பள்ளி விட்டதும் போய் நின்று பார்த்தேன். பிள்ளைகளின் டீச்சர் முன்னால் எந்த அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு முன்னாலும் எல்லோருக்கும் தலைவலிதான்.

இதற்குள் கீழே ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருந்த ஃபாதர் முடிவுக்கு வந்திருந்தார். பாஷை தெரியாத டாக்டரை வைத்து மலையில் கிளினிக் நடத்த முடியாது. புளி சீசன் முடிந்ததும் அவரே ஜீப்பில் வந்து பார்ப்பார். டாக்டரால் மொழிபெயர்ப்பு இல்லாமல் நோயாளியைப் பார்க்க முடிந்தால் சரி. இல்லையென்றால் அதே ஜீப்பில் டாக்டரை அடிவாரத்துக்கு அழைத்துப்போய்விடுவார். மலையில் வாரம் ஒருமுறை மருந்து மட்டும் கொடுப்பார்கள்.

“நான் போனால், நிஜமாகவே உடம்பு சரியில்லாத பெண்களைக் கண்டுபிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள். அந்தச் சின்னப்பொண்ணு எத்தனை முறை வந்துவிட்டார் தெரியுமா? முகம் வெளிறிக்கொண்டே போகிறது. தலைவலி என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. தமிழ் கற்றுக்கொடுங்கள்” என்றார் சலோமி.

“இதென்ன பிரமாதம்? தமிழ் சொல்லித்தருவதுதானே என் பிழைப்பு” என்றேன் மிதப்பாக.

மண்ணைக் கவ்விய பாடம்

அந்த மிதப்பின் பலனைத்தான் முதலிலேயே பார்த்துவிட்டீர்கள்.

அன்று சாயங்காலம் மருந்து அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். டெட்டால் வாசனை, ஆறிப்போன டீ. டாக்டருக்குக் கோபமில்லை. எனக்குத்தான். சிரித்த பெண்கள் மேல் கோபம், பாடப்புத்தகத்தின் மேல் கோபம், யார்மேல் என்று தெரியாமலும் கொஞ்சம் கோபம்.

“டீச்சர், நீங்கள் வரிசையில் இருக்கிறவர்களோடு பேசுவது நான் கற்ற மாதிரி இல்லையே. அதைச் சொல்லித்தாருங்கள்” என்றார்.

“அது பேச்சு வழக்கு. அதற்கு இலக்கணம் கிடையாது.”

“இலக்கணம் இல்லையென்றால் அவர்கள் சொல்வது உங்களுக்கு எப்படிப் புரிகிறது?”

தலை நரைக்கும் மட்டும் இலக்கணம் நடத்தியவளை இப்படி யாரும் மடக்கியதில்லை. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்று, எனக்கு ரோஷம் வந்தால் விடமாட்டேன். இந்த அம்மாவை மலையிலிருந்து இறக்கவிடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

தண்ணீர் கேட்பது எப்படி

இங்கே ஒரு கிளைக்கதை. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அதே வாரம் செங்கத்தில் ஆசிரியர் பயிற்சி. மொழி வகுப்பில் என்ன செய்யலாம் என்று பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எழுதிவைத்திருந்த உரையைப் பையிலேயே வைத்துவிட்டு, எடுத்தவுடன் கேட்டேன். “வீட்டில் தாகம் எடுத்தால் எப்படித் தண்ணீர் கேட்பீர்கள்? அப்படியே சொல்லுங்கள்.”

முன்வரிசையில் ஒரு சார் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்” என்றார்.

அடுத்து ஒரு டீச்சர். “அம்மா, சிறிது தண்ணீர் தாருங்கள்.”

“ஐயோ, நெசமா வூட்ல இப்பிடியா கேப்பீங்க?” என்றேன்.

“அது வூட்ல மேடம். இங்க எப்பிடிங்க அத சொல்றது?” என்றார் அந்த டீச்சர், வெட்கப்பட்டுக்கொண்டு.

ஒருவர்கூடச் சொல்லவில்லை. தமிழ் வாத்தியார்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். கடைசியில் நானே, “ரவ தண்ணி குடும்மே, தொண்ட காயுது” என்று எங்கள் வீட்டுப் பாஷையில் சொல்லிக் காட்டினேன். சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. அப்புறம் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் பிரித்தோம். வினை கடைசியில் இருக்கிறது. எழுவாய் சொல்லாமலே புரிகிறது. ஏவல், முறை, உரிமை எல்லாம் ஒரே சொல்லின் வாலில் தொங்குகிறது. இலக்கணம் இல்லை என்றார்களே, எதில் இல்லை?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது இத்தனையையும் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. நாம் அதை வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோம், செருப்பைப் போல. பிறகு, பிள்ளை வாயே திறப்பதில்லை என்று நம்மிடமே அழுகிறோம்.

செங்கத்திலிருந்து பஸ் மலையேறும்போது எனக்குப் புத்தி தெளிந்திருந்தது. பக்கத்தில் யார் என்ன பேசினாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பக்கத்து சீட் அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்துக் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

கேள்வியால் வேள்வி செய்த டாக்டர்

மறுநாளிலிருந்து பாடம் மாறியது. நான் ‘எவ்விடம்’ என்பதை விட்டேன். டாக்டர் கேள்வி கேட்பதை விடவில்லை.

“வலிக்குது என்றால் யார் செய்கிற வேலை?” என்றார். அவர் ‘நான் வலிக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் யோசித்தேன். எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குத் தூக்கம் வருது. நாம் செய்வதற்கு ‘நான்’. நமக்கு வந்து சேர்வதற்கு ‘எனக்கு’. நான்காம் வேற்றுமை ‘கு’ என்று ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், கொடைப் பொருள், பகைப் பொருள் என்று பட்டியல் வேறு. இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

‘க’ என்று எழுதிக் காட்டினேன். “‘கல்’லில் ஒரு சத்தம், ‘தங்கை’யில் ஒரு சத்தம், ‘அகல்’லில் ஒரு சத்தம். எழுத்து ஒன்றுதானே, எப்படி மாற்றுகிறீர்கள்?” என்றார். நான் மாற்றுவதே எனக்குத் தெரியாது. வாய்க்குள் விரலை வைக்காத குறையாகச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். சொல்லின் முதலில் வந்தால் அழுத்தம், மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தால் அதிர்வு, இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் காற்று. எழுத்து வேறு, ஒலி வேறு. ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு இது தெரிந்தால், பிள்ளைகளின் தலையில் விழும் குட்டு பாதியாகக் குறையும்.

‘ழ’வுக்காக அவரைப் படாத பாடு படுத்தினேன். நாக்கை மடி, இன்னும் மடி என்று. வெளியே வரிசையில் ஒரு பெரியவர், “மய வரும் போல கீதே” என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அன்றோடு ழகரத்தை ஓரங்கட்டினேன்.

‘நாம’, ‘நாங்க’ வித்தியாசம் சொல்ல ஒரு வாரம் ஆகும் என்று பயந்திருந்தேன். ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் கையைத் தட்டிவிட்டார். “எங்கள் சந்தாலியிலும் இரண்டு உண்டு! கேட்கிறவரைச் சேர்த்துக்கொண்டு ஒன்று, விட்டுவிட்டு ஒன்று. இந்திக்காரர்களுக்குச் சொல்லி மாளாது.” எனக்கு ஒரே சந்தோஷம். எங்கேயோ வடக்கே ஒரு காட்டிலும் யாரோ என்னை மாதிரியே ‘நாம’ என்கிறார்கள்.

இன்னொன்று சொல்லாமல் விடக்கூடாது. ‘தூக்கம் வரல’, ‘தூக்கம் வர்றதில்ல’. எனக்கு இரண்டும் எதிர்மறை, அத்தோடு சரி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “முதலாமவருக்கு நேற்று ராத்திரி மட்டும். இரண்டாமவருக்குப் பல நாளாக. இரண்டு பேருக்கும் வேறு வேறு வைத்தியம் டீச்சர்!”

மரியாதையில் மட்டும் கொஞ்ச நாள் தடுமாறினார். பிள்ளைகளை அம்மாக்கள் அதட்டுவதைக் கேட்டுக் கேட்டு, பல்லுப் போன தாத்தாவிடம், “ஏய், வாயத் தொற, ஆடாத” என்றார். தாத்தா நடுநடுங்கிப்போய் வாயைத் திறந்தார். அப்புறம் ‘ங்க’ சேர்க்கப் பழகிக்கொண்டார், தேவைக்கு மேலேயே. ஆஸ்பத்திரிப் பூனைக்கும் ‘வாங்க’தான்.

இரண்டு மதிப்பெண் சரக்கு

இரட்டைக்கிளவி என்றால் என்ன? இரட்டித்து வரும், பிரித்தால் பொருள் தராது. இரண்டு மதிப்பெண். எடுத்துக்காட்டு சலசல. கேள்வியும் பதிலும் ஆயிற்று, அடுத்த பக்கம். இப்படித்தான் எல்லா வகுப்பிலும் நடக்கிறது.

ஒரு சனிக்கிழமை வரிசையில் நானும் உட்கார்ந்தேன், நோயாளி மாதிரி. புளி சீசன். பெண்கள் கைகளெல்லாம் கறுத்து, புளிப்பு வாசனை மூக்கைத் துளைத்தது. டாக்டருக்குச் சொல்லாததையெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“குனிஞ்சா கிறுகிறுன்னு வருதுடி.”

“எனுக்கு ராவானா காலு மதமதன்னு ஆய்டுது.”

“சோறு துன்னா போதும், நெஞ்சு திகுதிகுன்னு எரியுது.”

“இங்க பாரு, இந்தப் பக்கம், சுருக்கு சுருக்குன்னு குத்துது.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓட்டமும் நடையுமாக உள்ளே போய், நடித்துக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர் துள்ளிவிட்டார். மருத்துவக் கல்லூரியில் வலியை இப்படித்தான் பிரித்துக் கேட்கச் சொல்லிக்கொடுப்பார்களாம். குத்தும் வலியா, எரியும் வலியா, துடிக்கும் வலியா, மரத்துப்போகிறதா என்று. அதற்கெல்லாம் எங்கள் பெண்களிடம் தயாராகச் சொற்கள் இருக்கின்றன. விண்விண், படபட, நமநம, குறுகுறு. நாங்கள் இருவரும் தலையிலிருந்து பாதம்வரை உடம்பெல்லாம் இரட்டைக்கிளவியாக நிரப்பினோம்.

அன்றைக்கு டாக்டர் இன்னொரு முடிவும் எடுத்தார். இனிமேல் முருகேசன் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பார். நோயாளி அறைக்குள் வேண்டாம். முருகேசனுக்கு வருத்தமாக இருக்குமோ என்று எனக்குச் சங்கடம். அவரோ பெருமூச்சு விட்டார்.

“எனுக்கும் நிம்மதிங்க தமிழம்மா. அண்ணி மொறைல கீறவங்கள நிக்க வெச்சி நான் இன்னாத்தக் கேக்கறது? அவுங்க தலநோவுன்னா நானும் தலநோவுன்னு சொல்லிட்டு கம்முனு இருந்துடுவேன்.”

கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்களின் நோவு தலையிலிருந்து கீழே இறங்கியது. முதுகுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. டாக்டர் பாதியைப் புரிந்துகொண்டார், மீதியை விரலால் தொட்டுக் கேட்டார். ஆனால் சின்னப்பொண்ணு மட்டும் வரவேயில்லை.

புளி உடைக்கும் இடத்தில்

அவளைத் தேடிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் புளியைக் குவித்து, ஓட்டை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாலு பழம் உடைப்பாள், கையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். உதட்டில் ரத்தமே இல்லை.

“ஏன் சின்னப்பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வர்றதில்ல?”

“தலநோவுதான் தமிழம்மா. அதுவா போய்டும்.”

“பொய் சொல்லாத. உன் மொகத்தப் பாத்தாலே தெரியுது.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அத்தினி பேரும் சிரிச்சாங்களே, எப்பிடி வர்றது? அந்தம்மாக்கு எங்க பாஷ தெரியாது. உங்ககிட்ட சொல்லலாம்னா எம் பொண்ணு உங்ககிட்ட படிக்குது. நான் யார்கிட்டதாங்க சொல்றது?”

கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டால் அவளும் அழுவாள், நானும் அழுவேன், காரியம் கெட்டுவிடும். “எங்கிட்ட சொல்லவே வேணாம். சொன்னாலும் நான் கேக்கமாட்டேன். அவங்ககிட்ட சொல்லு. இப்ப அவங்க நல்லா பேசறாங்க. நீ வரலன்னா நான் தெனமும் இங்க வந்து குந்திக்குவேன், பாத்துக்க” என்றேன்.

“தெனமுமா?” என்றாள் பயந்துபோய்.

“தெனமும்தான். நானும் புளி உடைப்பேன்.”

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். என் சங்கதி மலை முழுக்கத் தெரியும்.

ஜீப்

அவள் வந்தாள். அதே நாளில்தான் ஜீப்பும் வந்தது.

ஃபாதர் கெட்டவரல்ல. மலையில் கிளினிக் வேண்டும் என்று கீழே சண்டை போட்டவரே அவர்தான். ஆனால் தப்பு வைத்தியம் நடந்து ஒரு உயிர் போனால் யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. டாக்டரிடம் பெட்டியைக் கட்டிவைக்கச் சொல்லியிருந்தார். டாக்டர் கட்டவில்லை.

ஃபாதர் அறைக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முருகேசனையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று. நான் கதவோரம் நின்றுகொண்டேன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

சின்னப்பொண்ணு உள்ளே வந்து எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

“வாங்க, குந்துங்க. ஒடம்புக்கு இன்னா பண்ணுது?” என்றார் டாக்டர். நான் கதவோரத்தில் பெருமையாக நிமிர்ந்து நின்றேன்.

“தலநோவுங்க.”

“எப்பிடி நோவுது? விண்ணு விண்ணுன்னா, கிறுகிறுன்னா?”

“நோவுதுங்க.”

“எப்பத்திலருந்து?”

சின்னப்பொண்ணு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு டாக்டரிடம் ஆங்கிலத்தில், “பாருங்கள், அவருக்கு உங்கள் தமிழ் புரியவில்லை. முருகேசன் கேட்கட்டும்” என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை பாடும் இதற்குத்தானா? வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார்.

“ஃபாதர், கோச்சிக்காதீங்க. நீங்க ரவ வெளிய இருங்க” என்றார் தமிழில். “முருகேசன், நீங்களும் போங்க. இவங்களுக்குப் பேச்சு கீது. நாம இருந்தா வராது.” ஒரு நொடி யோசித்துத் திருத்திக்கொண்டார். “நீங்க இருந்தா வராது.”

ஃபாதர் நாற்காலியை விட்டு எழுந்தார். இப்படி யாரும் அவரை வெளியே போகச் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் வெற்றிச் சிரிப்போடு கதவோரம் நின்றேன்.

“டீச்சர், நீங்களும்தான்.”

என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.

வெளியே பெஞ்சில் நானும் ஃபாதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முருகேசன் மருந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். உள்ளே டாக்டரின் குரல் மெதுவாகக் கேட்டது, சொல் புரியவில்லை. நான் காதைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ‘உங்களுக்கு’ என்று சொல்கிறாரா, ‘நீங்கள்’ என்று சொல்லித் தொலைக்கிறாரா? ‘வரல’ என்கிறாரா, ‘வர்றதில்ல’ என்கிறாரா? வாத்தியார் புத்தி எங்கே போகும்?

பிறகு சின்னப்பொண்ணின் குரல் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு சொல். அப்புறம் நிற்கவேயில்லை. நடுவில் அழுதாள், மறுபடி பேசினாள். டாக்டர் குறுக்கே ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள். வரிசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

“என்ன சொல்கிறார்கள்?” என்று ஃபாதர் என்னிடம் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

“தெரியாது ஃபாதர்.”

“இத்தனை நாள் நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?”

“சொல்லிக்கொடுத்தேன். கேட்கத்தான் விடவில்லை.”

கதவு திறந்தது. டாக்டரின் முகம் இறுகியிருந்தது. “ஃபாதர், இவங்கள உங்க ஜீப்லயே இட்னு போங்க. இன்னிக்கே பாக்கணும். கீழ டாக்டர்கிட்ட கிளினிக் போன்ல சொல்லிட்டேன்.”

“என்ன பிரச்சினை?”

“அத அந்த டாக்டர்கிட்ட சொல்லியாச்சி.”

ஃபாதர் அதற்குமேல் கேட்கவில்லை. டாக்டரை அழைத்துப்போக வந்த ஜீப்பில் சின்னப்பொண்ணு ஏறினாள். துணைக்கு அவள் நாத்தனார் ஏறினாள். வரிசையிலிருந்து ஒரு கிழவி ஜன்னல் வழியே தலையை நீட்டி, “இன்னாடி சொன்னாங்க?” என்றாள். “அது எனுக்கும் டாக்டரம்மாக்கும். உனுக்கு இன்னாத்துக்கு?” என்றாள் சின்னப்பொண்ணு. அழுது வீங்கிய முகத்தோடு அவள் அப்படி வெடுக்கென்று சொன்னது எனக்கு அவ்வளவு பிடித்தது.

அவளுக்கு ஆபரேஷன் ஆயிற்று. சாமை விதைப்புக்குத் திரும்பிவந்துவிட்டாள். என்ன நோய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

அன்று ஃபாதர் ஜீப்பில் ஏறப்போனவர் நின்று திரும்பினார். “டீச்சர், நான் பார்த்து அறிக்கை கொடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. ஒண்ணுமே பார்க்கலையே, என்னன்னு எழுதறது?”

“நம்ம ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டாங்கன்னு எழுதுங்க ஃபாதர். அது போதும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் இறங்கியது.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. “அடுத்து யாருங்க? வாங்க.”

வரிசையின் முதலில் இருந்தவள் எழுந்தாள். உள்ளே போனவள், உட்காருவதற்கு முன்னால், தானே திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.